நான்காவது மாடிக்குப் பத்து கிலோமீட்டர்

மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்பது மரியாதை. ஆகவே கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. என் மகளும் உங்கள் மகனும் சேர்ந்து போட்ட உத்தரவு. நீங்களும் நானும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறதாம், யாராவது ஒருவர் கட் செய்துவிடுகிறோமாம். யாராவது என்ன யாராவது, நான்தான் கட் செய்கிறேன். அதை நான் மறைக்கவில்லை. கடிதத்தில் குறுக்கே பேசவும் முடியாது, கட் செய்யவும் முடியாது என்பதால் இனிமேல் இரண்டு பேரும் எழுதித்தான் பேச வேண்டுமாம்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்து, ஒரே மேஜையில சிரிச்ச முகத்தோட உக்காந்து சாப்பிடற வரைக்கும் ரெண்டு பேருமே இங்க வர வேண்டாம்மா." பெற்ற அம்மாவிடம் என் மகள் சொன்ன வார்த்தை இது. என் பெண் வீட்டுக்கு நான் போக எனக்கு உங்கள் தயவு வேண்டியிருக்கிறது. எல்லாம் நேரம்.

நடந்ததில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய புது வீட்டுக்கு நாம் முதல்முறை போன அன்று லிஃப்ட் ஓடவில்லை. வீடோ நான்காவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. யாரோ ஒருவர் வாசலில் வைத்திருந்த செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்தீர்கள். அது உடைந்தது. நான் சிரித்தேன். சிரித்தது தப்புதான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்?

அதற்காகச் சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். "சம்பந்தியம்மா மட்டும் என்ன, நாள் பூரா கார்ல உக்காந்து பிரேக் மிதிக்கிறவங்கதானே." கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அந்தப் பிரேக்கை நான் மிதிக்காமல் இருந்திருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் இப்போது கட்டிலில்தான் இருப்பார்கள்.

பிள்ளைகள் இருக்கும் ஊரில் நவம்பரில் நடக்கும் ஓட்டத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிக் காட்டுவேன் என்று அன்றைக்கு வீராப்பாகச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஓடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்

மார்ச் 21

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன், கேட்டதற்கு நன்றி.

ஒரே ஒரு திருத்தம். அலமாரி உடையவில்லை. அதன் ஒரு கால் கழன்றது. அந்த வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டதும் நான், கழன்ற காலை மாட்டிக் கொடுத்தது என் மகன். நீங்கள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வருகிறவரை உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுக்கு முன்னாடி இருந்தது தெளிவா" என்று கேட்பதே என் பிழைப்பு. அதனால் பெரிய பேச்சு எனக்கு வராது. அன்றைக்கு மேஜையில் நான் சொன்னது, "நீங்க இருபத்தொண்ணு ஓடுங்க, நான் அஞ்சு ஓடறேன், யார் முடிக்கிறாங்கன்னு பாப்போம்" என்பதுதான். அதிலிருந்து நானும் மாறவில்லை.

பிள்ளைகள் போட்ட நிபந்தனை எனக்கும் வலிக்கிறது. என் மகனுக்கு நான் பார்த்துப் பார்த்துத் தைத்த திரைச்சீலையை அந்த ஜன்னலில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நாம்தான்.

ஷூ வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இத்தனை மெத்தையா இருக்கே, தூங்கறதுக்கா?" என்று கேட்டார். அவர் ஒருவரோடு குடும்பம் நடத்துகிற எனக்கு உங்கள் சிரிப்பெல்லாம் பெரிய விஷயமில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

ஏப்ரல் 17

சம்பந்தியம்மா,

மூன்று வாரமாக எழுதவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது. கால்தான் இல்லை.

இருபத்தொரு கிலோமீட்டர் என்று பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மறுநாள் காலையிலேயே இறங்கிவிட்டேன். எதற்குச் சின்னச் சின்னதாக இழுத்துக்கொண்டு என்று, விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நிற்காமல் ஓடினேன். எவ்வளவு நேரம் ஓடினேன் என்று கேட்காதீர்கள். ஒரு நாய் என்னோடு சேர்ந்து ஓடி, சலித்துப்போய்த் திரும்பிப் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

அடுத்த நாள் ரொட்டிக்கடைக்காரம்மாவுக்குப் பாடம். என்னிடம் மூன்றாவது முறையாகக் கற்றுக்கொள்கிறவர். திருப்பத்தில் வேகமாகப் போனார். என் பக்கத்து பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன், கெண்டைக்கால் அப்படியே இழுத்துப் பிடித்துக்கொண்டது. நான் "ஐயோ" என்றேன். அந்தம்மா தன்னைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று பயந்து இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். வண்டி மெல்ல நடைபாதையில் ஏறி, நகராட்சி வைத்த பூச்செடிகளுக்கு நடுவில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை, செடிகளுக்குத்தான் கொஞ்சம். என் இத்தனை வருட சர்வீஸில் வண்டி இடித்ததே இல்லை. மானம் கப்பலேறிவிட்டது.

இதைப் படித்து நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், செருப்பு அலமாரிக்கு இது சரியாகப் போச்சு. ஆனால் ஃபிரிட்ஜில் ஒட்டிய காகிதத்தை நான் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டிருப்பவள்

மே 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சிரித்தேன். கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர், தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. உங்களிடம் முதல் நாள் கற்றுக்கொள்ள வருகிறவரை நீங்கள் நேராக மெயின் ரோட்டில் விடுவீர்களா? காலி மைதானத்தில், முதல் கியரில், வண்டி நகர்கிறது என்பதையே அவர் நம்புகிற வரைக்கும் ஓட்டவிட மாட்டீர்களா? உங்கள் மகள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கே நீங்கள் ஒரு மாதம் இரண்டாவது கியரைக் காட்டவில்லையாம். ஊருக்கெல்லாம் அத்தனை பொறுமை காட்டுகிறவர் தன் காலுக்கு மட்டும் ஏன் காட்டவில்லை?

இப்போது என் கதை. எங்கள் தெருவில் விளக்குக் கம்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதிலிருந்து அடுத்தது வரை நடை. முதல் வாரம் அவ்வளவுதான். என்னைத் தாண்டி ஒரு பெண், கைக்குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து போனாள். நான் ஓடிக்கொண்டிருந்தேன், அவள் நடந்துகொண்டிருந்தாள், அவள்தான் முந்தினாள். இப்போது இரண்டு கம்பம் ஓடி ஒரு கம்பம் நடக்கிறேன். வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாளில் காலைத் தொந்தரவு செய்வதில்லை.

ஓடும்போது பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆமாம், டாக்டரிடம் போனேன். அன்றைக்கு மாடிப்படியில் எனக்கு மூச்சு மட்டும் வாங்கவில்லை. பயமும் வந்தது. இந்த லிஃப்ட் ஓடாத நாளெல்லாம் என் மகன் வீட்டுக்கு என்னால் போக முடியாமல் ஆகிவிடுமே என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தபோது எனக்கு அத்தனை கோபம் வந்ததற்கும் அதுதான் காரணம். பரிசோதித்துப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை, உடம்பை அசைக்காமல் வைத்திருந்ததுதான் குறை என்றார்கள்.

ஆக, ஊருக்குச் சொன்ன இலக்கு ஐந்து கிலோமீட்டர். எனக்கு நானே வைத்துக்கொண்டது, நான்கு மாடியை உட்காராமல் ஏறுவது. இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

ஜூலை 11

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். நீங்கள் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம். டாக்டர் விஷயம் தெரியாமல் சிரித்ததற்கு வருந்துகிறேன். அதை இங்கே ஒரே வரியில் எழுதுகிறேன், நேரில் முழுதாகச் சொல்கிறேன்.

முதல் கியரிலிருந்து ஆரம்பித்தேன். நடை, கொஞ்சம் ஓட்டம், மறுபடி நடை. கேட்டீர்களா சேதியை? இப்போது பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன்! ஜூலையிலேயே பத்து! என் வீட்டிலிருந்து கிளம்பி, தபால் நிலையம், கடைத்தெரு, மருத்துவமனை, பழைய தொழிற்சாலை வரை போய்த் திரும்பினால் சரியாகப் பத்து. பயிற்சிக் காரிலேயே ஓட்டிப் போய் மீட்டரில் அளந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து குளித்து, எட்டு மணிப் பாடத்துக்கும் போய்விடுகிறேன்.

ரொட்டிக்கடைக்காரம்மா என்னைப் பார்த்து, "மேடம், நீங்க என்ன குதிரையா?" என்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தொன்றெல்லாம் இனி ஒரு விஷயமே இல்லை. நவம்பரில் நீங்கள் ஐந்தை முடிப்பதற்குள் நான் இருபத்தொன்றை முடித்துவிட்டு உங்களுக்குக் கை தட்ட நிற்பேன்.

இப்படிக்கு,
குதிரை

ஜூலை 28

அன்புள்ள குதிரைக்கு,

மிகவும் சந்தோஷம். உண்மையாகவே சொல்கிறேன். வீட்டில் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கை தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நான் நேற்றுத்தான் ஐந்து கிலோமீட்டரை நடக்காமல் முடித்தேன். என் வீட்டுக்காரர் சைக்கிளில் கூடவே வந்தார். துணைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சமையலறைக் குழாய் ஒழுகுவது யார் தப்பு என்று ஆரம்பித்தார். விடுவேனா? போகும்போதும் சண்டை, வரும்போதும் சண்டை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஓடி முடித்துவிட்டதே தெரிந்தது. குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு சின்ன சந்தேகம். தொழில் புத்தி, தப்பாக நினைக்காதீர்கள். ஏப்ரலில் காலே எழும்பாதவர், நம் வயதில், ஜூலையில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து கிலோமீட்டர் என்றால் அது கொஞ்சம் அளவுக்கு மீறித் தெளிவாகத் தெரிகிறது. கண்ணில் அப்படித் தெரிந்தால் நான் கண்ணாடியை ஒருமுறை கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பார்க்கச் சொல்வேன். அளந்தது சரிதானா என்று இன்னொரு முறை பாருங்களேன். அதை நம்பி நீங்கள் இருபத்தொன்றில் இறங்கிவிட்டால் நடுவழியில் என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி

ஆகஸ்ட் 4

சம்பந்தியம்மா,

கார் மீட்டர் பொய் சொல்லாது. பொறாமைக்குக் கண்ணாடி ஏதாவது இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பத்து கிலோமீட்டர் ஓடுகிறவள்

ஆகஸ்ட் 19

அன்புள்ள சம்பந்தியம்மா,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நேற்று ரொட்டிக்கடைக்காரம்மாவை அழைத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் பாடம் நடத்தினேன். அது ஒருவழிச் சாலை. எதிர்ப்பக்கமாகப் போகக் கூடாது என்பதால் கார் வெளியே போய், சந்தை, பேருந்து நிலையம் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் மருத்துவமனைக்கு வர வேண்டும். மருத்துவமனைக்கு அப்புறமும் இன்னொரு ஒருவழி. அந்தம்மா சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு, "ஏன் மேடம், காலையில நீங்க ஓடறப்ப என் கடை சந்துக்குள்ள புகுந்துதானே போறீங்க? கார்ல மட்டும் ஏன் ஊரைச் சுத்தறோம்?" என்று கேட்டார்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். எனக்கு வியர்த்துவிட்டது. அளந்த அன்றைக்கு நான் கார் போக வேண்டிய வழியில்தான் போனேன். சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருவழிச் சாலையில் எதிரே நுழைய என் கை வராது. சுற்று முழுவதையும் மீட்டர் சேர்த்துக்கொண்டது. ஓடுகிற அன்றைக்கு நடந்து போகிறவர்கள் எல்லாரையும்போல நேராகச் சந்தில் புகுந்துவிட்டேன். இன்று காலை மைதானத்தில் போய்ச் சுற்றுகளை எண்ணி மறுபடி ஓடிப் பார்த்தேன். என்னுடைய பத்து கிலோமீட்டர், ஆறுதான். ஏழாவதில் கால் நின்றுவிட்டது.

மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆறு கிலோமீட்டர் ஓட முடிகிற ஒருத்தி அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

நீங்கள் மாடிப்படியைப் பற்றி உண்மையைச் சொன்னீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்களை மாப்பிள்ளையோடு விட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் நான்காவது மாடிவரை ஏறிப் போய்க் கதவைத் தட்டியவள் நான். மகள் கதவைத் திறந்தாள். கீழே கேட்ட சத்தத்தில் பயந்திருந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. "அத்தைக்கு என்னாச்சு?" என்று என்னைத் தாண்டிக்கொண்டு கீழே உங்களிடம் ஓடினாள். ஓடினது சரிதான். நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனால் திறந்த கதவு முன்னால் நான் பையோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போவதா, நிற்பதா என்று தெரியவில்லை. என் பெண் வீட்டு வாசலில் நான் விருந்தாளியாகிவிட்டேன் என்று அந்த ஒரு நிமிஷத்தில் தோன்றியது. அந்த எரிச்சலில்தான் மேஜையில் இருபத்தொன்று என்றேன். அவள் என்னையும் திரும்பிப் பார்க்கட்டும் என்று. நம்பினால் நம்புங்கள், நான் ஓட நினைத்தது உங்களோடு போட்டி போட்டு இல்லை.

பிள்ளைகளிடம் இந்த ஆறு கிலோமீட்டர் கதையைச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
குதிரையாக இருந்தவள்

செப்டம்பர் 1

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. ஆனால் இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன், அதற்கு மன்னிக்க வேண்டும். யாருமே இல்லாத சாலையில்கூட விதியை மீறாமல் ஊரைச் சுற்றி அளந்து, அதனாலேயே ஏமாந்துபோன ஒரே ஓட்டக்காரி நீங்களாகத்தான் இருப்பீர்கள். உங்கள் மகள் ஏன் இத்தனை நேர்மையாக இருக்கிறாள் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

நீங்கள் வாசலில் நின்றதை நினைத்தபோது மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. அதனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்குக் கீழே ஓடிவந்த உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே அழைத்து வந்தாள். "பயப்படாம ஏறுங்க அத்தை, மேல எங்கம்மா இருக்காங்க" என்றாள். உன் அம்மா இருந்தால் என்ன என்று அவளைக் கேட்டேன். நான் அப்போது உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அதற்கு அவள், "எங்கம்மா பக்கத்துல இருந்தா எதுவும் போய் இடிச்சுக்காது அத்தை. அவங்க கால் எப்பவும் பிரேக் மேலயே இருக்கும்" என்றாள். உங்களைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாளே, நீங்கள் இருக்கும்போது வீட்டை விட்டுவிட்டு ஓடலாம் என்கிற தைரியத்தில்தான். விருந்தாளியை வாசலில் விட்டுவிட்டு யாராவது ஓடுவார்களா?

மேஜையில் நான் அந்தப் பிரேக்கையே கேலியாக இழுத்துப் பேசினேன். அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

இருபத்தொன்றைக் கிழித்துப் போடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, பத்துக்குப் பதிவு செய்யுங்கள். உண்மையான பத்து. நான் என் ஐந்தோடு இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன் சம்பந்தி

செப்டம்பர் 12

என் அருமைச் சம்பந்தியம்மா,

பதில் எழுத உட்கார்ந்து, உங்கள் கடிதத்தையே நான்கு முறை படித்துக்கொண்டிருந்தேன். பாடத்துக்குத் தாமதமாகப் போனேன். அதுவும் என் சர்வீஸில் முதல்முறை.

ஃபிரிட்ஜில் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டேன். பத்து என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், சின்ன எழுத்தில். வாரத்துக்கு மூன்று நாள். மைதானத்தில் மட்டும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம், ஒரே ஒரு கொஞ்சம், கூட்டுகிறேன். இப்போது ஏழு முடிகிறது.

ஆனால் உங்கள் ஐந்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னைச் சந்தேகப்பட்டுக் கண்ணாடி துடைக்கச் சொன்னீர்களே, இப்போது என் முறை. ஜூலையில் குழாய்ச் சண்டை போட்டுக்கொண்டே ஐந்து கிலோமீட்டர் ஓடினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேச முடிகிற வேகம் என்று டாக்டர் சொன்னார், சரி. நீங்கள் பேசவில்லை அம்மா, சண்டை போட்டிருக்கிறீர்கள்! வீட்டு வாசல் வந்தபோதுதான் ஓடி முடித்ததே தெரிந்ததாம். இப்படிப்பட்ட ஆளுக்கு ஐந்து எதற்கு? வண்டி நாற்பதில் சுகமாகப் போகும்போதும் இரண்டாவது கியரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிற மாணவர்கள் எனக்கு உண்டு. எஞ்சின் கத்தும், அவர்கள் மாற்ற மாட்டார்கள். பயம். உங்களுக்கும் அதேதான்.

நான் எட்டாததைச் சொன்னேன். நீங்கள் எப்போதோ எட்டிவிட்டதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இரண்டும் தப்புக் கணக்குதான்.

என்னோடு பத்து ஓடுங்கள். வேகம் உங்களுடையது. சண்டைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரேக்

செப்டம்பர் 26

அன்புள்ள பிரேக்குக்கு,

பத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். பட்டனை அழுத்தியதும் பயம் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு, பயத்தைப் போக்க, வெளியே போய் ஓடிவிட்டு வந்தேன். ஆறரை கிலோமீட்டர்.

என் வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார். இனிமேல் எதைப் பற்றிச் சண்டை போடுவது என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். குழாயைச் சரி செய்துவிட்டார்கள்.

பிள்ளைகளிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே தூரமா? சேர்ந்தா?" என்று என் மகன் மூன்று தடவை கேட்டான். பின்னால் உங்கள் மகள் கத்துகிற சத்தம் கேட்டது. சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன் சம்பந்தி

நவம்பர் 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது தெரிகிறது. ஓட்டத்தைப் பற்றி நீங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கும் கதை என் காதுக்கு வந்தது. உங்கள் ரொட்டிக்கடைக்காரம்மாவரைக்கும் போய், அங்கிருந்து உங்கள் மகளுக்கு வந்து, என் மகன் மூலம் எனக்கு வந்திருக்கிறது. எல்லைக்கோட்டில் நான் உங்களை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் ஓடினேனாம். நடந்தது என்ன என்பதை எழுத்தில் வைத்துவிடுகிறேன். குறுக்கே பேச உங்களால் முடியாது.

ஆரம்பத்தில் எல்லாரும் பாய்ந்து போனபோது உங்கள் கால் துறுதுறுத்தது. நான் பார்த்தேன். என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டீர்கள். அதற்கு நான் அப்போது நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பாதி தூரம் வரைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அவர்கள் காதில் விழக்கூடாத விஷயங்கள் நிறைய. எட்டாவது கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கி, "நீங்க போங்க, நான் நடந்து வரேன்" என்றேன். "எங்க போறது? அந்த விளக்குக் கம்பம் தெரியுதா? அது வரைக்கும் ஓடுங்க, அப்புறம் நடக்கலாம்" என்றீர்கள். என் வித்தையை எனக்கே காட்டினீர்கள். அதன் பிறகு ஒன்பதாவதில் உங்கள் கெண்டைக்கால் இழுத்தபோது கம்பத்தைக் காட்டியவள் நான். இது கதையில் வரவே இல்லை, ஏன்?

இப்போது எல்லைக்கோடு. கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றது நீங்கள். நின்று, கையை நீட்டி, "நீங்க முதல்ல போங்க, மாப்பிள்ளையோட அம்மா" என்றீர்கள். "அதெல்லாம் இல்ல, பெண்ணைப் பெத்தவங்க நீங்கதான் முதல்ல" என்றேன். "ஐயோ, நீங்க வயசுல மூத்தவங்க" என்றீர்கள். அதை அத்தனை பேர் முன்னால் சொன்னதை நான் மறக்கவில்லை. நாம் இரண்டு பேரும் மாறி மாறி வழிவிட்டுக்கொண்டிருந்ததில் பின்னால் ஒரு கூட்டமே தேங்கிவிட்டது. அதில் தொப்பை வைத்த ஒருவர், "அம்மா, உங்க மரியாதையை அந்தப் பக்கம் போய் வச்சுக்கங்க, எனக்குக் கால் போகுது!" என்று கத்தினார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம் பிள்ளைகள், "காலை எடுத்து வைங்க! ரெண்டு பேரும்!" என்று அலறினார்கள். அப்போது என் முதுகில் கை வைத்துத் தள்ளியது நீங்கள். நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அதைத்தான் நீங்கள் இடித்துத் தள்ளினேன் என்று சொல்கிறீர்கள்.

அப்புறம் மாடிப்படி. லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சமையலைப் பார்க்க முன்னால் மேலே போய்விட்டார்கள். நீங்கள் என்னிடம், "நடந்தே ஏறுவோம், உங்க நாலு மாடி பாக்கி இருக்கு" என்றீர்கள். மே மாதம் உங்களுக்கு மட்டும் எழுதியதை நினைவில் வைத்திருந்தீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று சொல்லித் துடைத்தேன்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தது யார் சம்பந்தியம்மா? இந்த முறை நான் இல்லை. "கால் வரல, நீங்க ஏறுங்க" என்று படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். என்னால் ஏறியிருக்க முடியும். சத்தியமாக முடியும், மூச்சு சீராக இருந்தது. ஆனால் உங்களைப் படியில் விட்டுவிட்டு ஏறுகிற இலக்கு எனக்கு எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து நம் இரண்டு பேரையும் பார்த்தார். செருப்பு அலமாரியை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். நாம் சிரித்த சிரிப்பு நான்காவது மாடிவரை கேட்டிருக்கிறது.

அந்தச் சத்தத்துக்குத்தான் உங்கள் மகள் ஓடிவந்தாள். மேல் படியில் வந்து நின்று நம் இரண்டு பேரையும் பார்த்தாள். யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தவித்தாள். அப்புறம் வந்து நடுவில் உட்கார்ந்தாள். உங்கள் தோளில்தான் தலை சாய்த்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள், பார்த்தீர்களோ இல்லையோ என்று எழுதுகிறேன்.

சாப்பாடு ஆறிப்போனதற்கு என் மகன் இன்னும் கோபமாக இருக்கிறான். திரைச்சீலை அந்த ஜன்னலுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது.

என் நான்கு மாடி இன்னும் பாக்கிதான். அதை அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வயதில் மூத்தவள்

நவம்பர் 29

என் அருமைச் சம்பந்தியம்மா,

எல்லைக்கோட்டில் தள்ளியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரொட்டிக்கடைக்காரம்மாவிடம் கதையை மாற்ற முடியாது, அவர் கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டார். போன வாரம் அவருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. மூன்றாவது முறையில். அவசரப்படாமல் வந்தவர்.

கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பார்த்தேன்.

ஃபிரிட்ஜில் புதுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அடுத்த வருடத்துக்கு. இருபத்தொன்று என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். பத்தேதான், ஆனால் கால் இழுக்காமல். அதன் கீழே நான்கு மாடி என்றும் எழுதியிருக்கிறேன், உங்களுடையதையும் சேர்த்து. இருபத்தொன்று எங்கேயும் ஓடிப் போகாது. நாம்தான் மெல்ல அதன் பக்கம் போக வேண்டும்.

இன்னும் நிறைய எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அந்தத் தொப்பைக்காரர் கடைசியில் என்ன ஆனார், உங்கள் மகன் குழம்பில் உப்புப் போட மறந்ததை நாம் சொல்லாமல் சாப்பிட்டது, எல்லாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்று புரிந்தது. உங்கள் பதில் வர இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுவரை பொறுத்திருக்க முடியாது போலிருக்கிறது. நான் குறுக்கே பேச வேண்டும், நீங்களும் பேச வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். நான் கட் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பிரேக்